முட்டி இடிக்காத வீடு

கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே ரோன்டா ட்வெய்ட் சொன்னாள்: “ஆர்லின், இப்ப நீ எந்திரிச்சு பாத்ரூம் போற.”

சுவரோரம் ஒடுங்கிக் கிடந்த ஆர்லினுக்குப் பாத்ரூம் போக எந்த அவசரமும் இல்லை. வெளியே பட்டப்பகல். அவர்கள் படுத்திருந்ததும் சொந்தக் கட்டில் அல்ல. டுவேனின் விற்பனை மைதானத்தில் வரிசையாக நிற்கும் சக்கர வீடுகளில் ஒன்றின் கட்டில். ஆனாலும் அவன் எழுந்தான். இருபது வருடத் தாம்பத்தியம் அவனுக்கு அந்த அளவு பழக்கத்தைத் தந்திருந்தது. மனைவியைத் தாண்ட வேண்டும். ஒரு முழங்காலை அந்தப் பக்கம் ஊன்றினான், தலை மேலே இருந்த அலமாரியில் மோதியது, கை வழுக்கியது, முழுப் பாரமும் ரோன்டாவின் வயிற்றின் மேல் இறங்கியது.

“ஊஃப்டா!” என்றாள் ரோன்டா, எங்கள் ஊர் ‘அம்மாடி’ அது. சற்று மூச்சு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். “வேற மாதிரி இருக்கு.”

எங்கள் பக்கத்தில் ஒன்றை மோசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘வேற மாதிரி இருக்கு’ என்பார்கள். அதற்கு மேல் கடுமையான வார்த்தை வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சொல் ரோன்டாவின் வாயிலிருந்து விழுந்துவிட்டால், வாசலில் காத்திருக்கும் டுவேன் சாவிக்கொத்தில் அடுத்த சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய்த் தங்குவதற்கு, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ஒரு கேம்பர் வாங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் ஒரு சனிக்கிழமை போவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், சக்கரத்தைக் காலால் ஒரு உதை உதைப்பார்கள், வாங்கிவிடுவார்கள். ரோன்டா பல கோடைகளாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவின் வடக்கே இருக்கும் எங்கள் ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவள் படுத்துப் பார்க்காத கேம்பர் கிடையாது.

படுக்கைச் சோதனைக்கு அடுத்தது கழிப்பறைச் சோதனை. உள்ளே போவாள், மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவாள், கதவைச் சாத்துவாள். “முட்டி இடிக்குது” என்று குரல் வரும். பிறகு சமையல் சோதனை. இல்லாத கரண்டியால் இல்லாத பான்கேக்கைத் திருப்பிப் போடுவாள். அதே நொடியில் மகன் நெல்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுக்க வேண்டும், கடைக்குட்டி சிக்னி காலணி தேட வேண்டும், மூத்தவள் பிரிட்டா கண்ணாடி முன் தலைவார வேண்டும். வீட்டில் காலை நேரம் அப்படித்தான் நடக்கிறது. அப்படியே இங்கேயும் நடக்குமா என்று தெரிய வேண்டாமா? டோஸர் என்ற அவர்களுடைய பெரிய கறுப்பு நாய் இந்தச் சோதனையில் வாசற்படியை அடைத்துக்கொண்டு தூங்கும். அதுவும் வீட்டு நடப்புதான்.

கடைசியாக வருவது மழை.

“மழை பெய்யுது” என்று ரோன்டா அறிவிப்பாள். ஜூலை வெயில் கூரையைப் பிளந்துகொண்டிருக்கும். ஜன்னல்கள் சாத்தப்படும். எல்லோரும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து சீட்டாட வேண்டும். வெளியே போக அனுமதி இல்லை, மழை பெய்கிறதே. வியர்வை சொட்டச் சொட்ட நெல்ஸ் அக்காவைக் கிள்ளுவான், அக்கா தம்பியின் சீட்டை எட்டிப் பார்ப்பாள், சிக்னி தோற்று அழுவாள். ரோன்டா எல்லோரையும் ஒரு மருத்துவரைப் போலக் கவனித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை டுவேனுக்குப் பயமே வந்துவிட்டது. கதவைத் தட்டினார்.

“ரோன்டா, உள்ள எல்லாரும் உசுரோடதானே இருக்கீங்க?”

“மழை விடட்டும் டுவேன், வந்துடறோம்.”

டுவேன் அறுபதைத் தாண்டியவர். தொப்பியைக் கழற்றி, வழுக்கையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்தார்.

ரோன்டாவின் தொழில் முடி வெட்டுவது. வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு பெரிய கண்ணாடி, எப்போதும் சூடாக ஒரு குவளை காபி. ஊரில் பாதித் தலைகள் அவள் கைவேலை. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் துணியைக் கழுத்தில் கட்டுவாள், தலையைக் குனியச் சொல்வாள், பிறகு விசாரணை தொடங்கும். உங்க கேம்பர்ல யார் எங்க படுக்கறீங்க? குளிக்கிற தண்ணி எத்தனை பேருக்குக் காணும்? கதவு சாத்தினா உள்ள பேசறது கேக்குமா? கத்தரி காதோரம் இருக்கும்போது யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை.

ஹாகன் வீட்டம்மா ஒருநாள் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு மனம்விட்டுச் சொன்னாள்: “என்னத்தச் சொல்ல ரோன்டா. மூணாவது நாளைக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர் மூச்சு விடுற சத்தமே எனக்குப் பிடிக்காமப் போச்சு.”

ரோன்டாவின் கத்தரி நின்றது. அனுதாபமாகக் குனிந்து கேட்டாள்.

“எந்த மாடல்?”

ஆர்லின் சர்க்கரை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். நெடுநெடுவென்ற ஆள். பேச்சைச் சில்லறைக் காசு போலக் கையில் இறுக்கிப் பிடித்திருப்பான். கேம்பர் விஷயத்தில் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “பிக்கப் மாறாது.” அவன் பிக்கப் நடுத்தர அளவு. தன் கையால் கட்டிய கார் கொட்டகைக்குள் அது கச்சிதமாக நுழையும், அதைவிடப் பெரிய வண்டி எதுவும் நுழையாது. கொட்டகையை இடிக்க அவனுக்கு மனமில்லை. இதற்கு மேல் அவனிடம் விளக்கம் கேட்டுப் பயனில்லை.

எங்கள் ஊரில் நடுத்தர பிக்கப் வைத்திருப்பவன் பேச்சு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து தேவாலயத்தின் நிலவறையில் காபி குடிக்கும்போது ரோஜர் தவறாமல் ஆரம்பிப்பான். ரோஜர் ரோன்டாவின் தங்கை புருஷன், ஆர்லினுக்குச் சகலை. அவனிடம் இருப்பது லாரி உயரத்துக்கு ஒரு பிக்கப், ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு கேம்பர்.

“சகலை, உன் பிக்கப்புக்குப் பால்பல்லு விழுந்துடுச்சா?” என்பான். “வளர்ந்து ஆளானதும் சொல்லு. என் கேம்பரை ஒரு தடவை இழுக்கத் தர்றேன்.”

ஆர்லின் சிரித்துக்கொண்டே இன்னொரு சாக்லேட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். போன வருடம் இலையுதிர்காலத்தில் ரோஜரின் கேம்பரைப் பள்ளத்திலிருந்து டிராக்டர் கட்டி இழுத்தவன் அவன்தான். எங்கள் சமவெளியில் காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. பக்கவாட்டிலிருந்து அது அறைந்தால் பின்னால் வரும் கேம்பர் நாய் வால் போல ஆடும். ரோஜரின் கேம்பர் அப்படி ஆடி, ஆடியபடியே சாலையை விட்டு இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. உள்ளே தட்டுகளும் டப்பா பீன்ஸும் தலையணைகளும் ஒன்றாகக் கலந்து கிடந்ததை ஆர்லின் பார்த்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரோஜர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான், தான் அதை வெகு சாமர்த்தியமாகப் பள்ளத்தில் இறக்கியதாக.

இந்த வசந்தத்தில் டுவேனின் மைதானத்துக்குப் புதிதாக ஒன்று வந்தது. நீளமானது. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். பின்னால் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் போட்ட தனி அறை. அந்த அறைக்குத் திரைச்சீலை இல்லை, கதவு. கைப்பிடியும் தாழ்ப்பாளும் வைத்த அசல் கதவு.

படுக்கைச் சோதனையில் ஆர்லின் யாரையும் மிதிக்காமல் இறங்கினான். பான்கேக் தடையின்றித் திரும்பியது. ரோன்டா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் சத்தமில்லை. வாசலில் டுவேன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“டுவேன்!”

“சொல்லுங்க ரோன்டா.”

“இடிக்கல.”

டுவேன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

பிறகு மழை பெய்தது. சீட்டு போட்டார்கள். பாதி ஆட்டத்தில் பிரிட்டா எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்தை நெருங்குகிறவள். “நீ பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிடும்மா” என்று சில வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள். வீட்டில் அவளுடைய போன் பேசும் அளவுக்கு அவள் பேசுவதில்லை. தங்கை சிக்னியின் கையைப் பிடித்து அடுக்குக் கட்டில் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ரோன்டா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையை நிறுத்த மறந்துவிட்டாள்.

“இதுதான்” என்று கீழே இறங்கி வந்து சொன்னாள்.

“உங்க பிக்கப் இதைத் தாராளமா இழுக்கும்” என்றார் டுவேன். “கம்பெனி புத்தகத்துலயே போட்டிருக்கு.”

“இழுக்கும்” என்றான் ஆர்லின். “நிக்குமா?”

பிறகு பிக்கப்பின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினான். அதில் ஒரு எண் இருந்தது. வண்டியில் ஏறுகிற ஆட்களும் சாமான்களும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. ரோன்டா இத்தனை வருஷமும் கேம்பரைத்தான் சோதித்தாளே தவிர, இந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்ததில்லை. கேம்பரின் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நிற்பதில்லை. ஒரு பங்கு முன்னால் நீண்டு வந்து, அழைக்காத விருந்தாளி போலப் பிக்கப்பின் கொக்கியில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பங்கும் இந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். கேம்பர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு ஆட்களுக்கு இடம் குறையும்.

“காலி எடை இவ்வளவுதான்னு இதுல இருக்கே” என்று ரோன்டா புத்தகத்தை நீட்டினாள்.

“அது பொறந்தப்ப இருந்த எடை” என்றான் ஆர்லின். “தண்ணி, கேஸ் சிலிண்டர், பேட்டரி, உன் பாத்திரம் எல்லாம் அப்புறம் ஏறும்.”

அன்று மாலையே சமையலறை மேசையில் கணக்கு ஆரம்பமானது. சிக்னிக்குக் கூட்டல் கழித்தல் என்றால் பாயசம் சாப்பிடுகிற மாதிரி, பென்சில் அவள் கையில் இருந்தது. டோஸரின் எடை மாட்டு டாக்டரிடமிருந்து கிடைத்தது. நெல்ஸ் தன் எடையைத் தசைகளை முறுக்கிக் காட்டியபடி சொன்னான். பிரிட்டா முணுமுணுத்தாள். ஆர்லின் மறைக்க எதுவும் இல்லாதவன்.

“அம்மா?” என்றாள் சிக்னி.

“என் லைசென்ஸ்ல இருக்கு பாரு. அதைப் போட்டுக்கோ.”

அந்த லைசென்ஸில் உள்ள எடை பிரிட்டா பிறப்பதற்கு முந்தியது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ‘மாற்றம் உண்டா’ என்ற கேள்விக்கு ரோன்டா ‘இல்லை’ என்றே சொல்லி வந்திருக்கிறாள். மேசையைச் சுற்றி இருந்த எவரும் தலை நிமிரவில்லை. நெல்ஸ் மட்டும் இருமினான்.

அந்தக் கணக்கின்படி எல்லாம் மயிரிழையில் அடங்கியது. ரோன்டாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வார்ப்பிரும்புச் சட்டி வேண்டாம், சைக்கிள்கள் வேண்டாம், தண்ணீரை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம், பிறகென்ன? ஆர்லின் மோவாயைத் தடவினான்.

“எதுக்கும் கென்னிகிட்ட ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாம்.”

ஆலைக்கு வரும் சர்க்கரை பீட்ரூட் லாரிகளை எடை போடுவதற்கு ஊருக்கு வெளியே ஒரு எடைமேடை இருக்கிறது. கென்னி அங்கே ஒரு சிறிய அறைக்குள் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருப்பான். அறுவடை இல்லாத காலத்தில் அவனுக்கு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. ரோன்டா முதலில் மறுத்தாள். மொத்த எடைதான் தெரியும், தனித்தனியாக யாருடையதும் தெரியாது என்று ஆர்லின் சொன்ன பிறகு சம்மதித்தாள். குடும்பமே ஏறியது. டோஸரும் ஏறியது. மேடைமேல் பிக்கப் நின்றதும், எதிரே பலகையில் சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து ஒரு இடத்தில் நின்றன.

ஆர்லின் காலி பிக்கப்பை முந்தின நாளே எடை போட்டு வைத்திருந்தான். அதைச் சிக்னியிடம் சொல்லியும் வைத்திருந்தான். அவன் செய்த தப்பு அதுதான்.

“மொத்தத்துல பிக்கப் போச்சு” என்று சிக்னி பின்சீட்டில் உரக்கக் கணக்குப் போட ஆரம்பித்தாள். “அதுல அப்பா போச்சு. பிரிட்டா போச்சு. நெல்ஸ் போச்சு. நான் போச்சு. டோஸர் போச்சு. மிச்சம்…”

“சிக்னி” என்றாள் ரோன்டா.

“மிச்சம் இருக்கறது அம்மா! ஆனா அம்மா லைசென்ஸ்ல…”

“சிக்னி!”

ஆர்லின் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான்.

“என் பூட்ஸ்” என்றான். “இரும்பு வச்ச பூட்ஸ். அதைக் கணக்குல சேக்கல.”

“என் பையில புத்தகம் இருக்கு” என்றாள் பிரிட்டா.

“நீ எப்ப புத்தகம் படிச்சே?” என்றான் நெல்ஸ். பக்கத்திலிருந்து ஒரு முழங்கை அவன் விலாவில் இறங்கியது. “ஆ! சரி சரி. நான் காலையில நிறைய சாப்பிட்டேன்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. கென்னிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. “ரோன்டா, மேடை கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும். பீட்ரூட்காரனுங்க எல்லாம் அப்படித்தான் சொல்றானுங்க.”

ரோன்டா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். “வீட்டுக்குப் போ” என்றாள்.

அந்த வாரம் அவளிடம் முடி வெட்டிக்கொண்டவர்களை இன்றும் ஊரில் அடையாளம் கண்டுகொள்ளலாம். விசாரணை இல்லை. காபி இல்லை. கத்தரி மட்டும் வேலை செய்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே செய்தது. ரோஜர் காதுக்கு மேல் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக வெளியே வந்தான். நல்ல நேரம், அவன் அன்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் ரோன்டாவின் முகம் தெளிந்திருந்தது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து ஓவனில் வேகவைத்த ‘ஹாட்டிஷ்’ என்ற பதார்த்தத்தை எல்லோருக்கும் தாராளமாகப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள்.

“முடிவு பண்ணிட்டேன். கதவு வச்சதைத்தான் வாங்கறோம்.”

“எடை தாண்டுதே?” என்றான் நெல்ஸ்.

“அதுக்கும் வழி கண்டுபிடிச்சிட்டேன். நீங்க எல்லாரும் அப்பாகூட பிக்கப்ல போங்க. நான் என் கார்ல பின்னாடி வந்துடறேன். டோஸரும் என்கூட வரட்டும்.”

சிக்னி பென்சில் இல்லாமலே கணக்குப் போட்டுவிட்டாள். “அப்ப சரியா வருது!”

“பாத்தியா?” என்றாள் ரோன்டா வெற்றியோடு. “ஏரிக்குப் போனதும் எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கப்போறோம். வழியில மட்டும்தானே.”

“அம்மா” என்றாள் பிரிட்டா, முள்கரண்டியைக் கீழே வைத்து. “எல்லாரும் ஒண்ணாப் போகணும்னுதானே இத்தனை வருஷமா எங்களை வெயில்ல உக்காரவச்சு மழை பெய்யுதுன்னு சொன்னே? கடைசியில வீட்டை வாங்கிட்டு ஆளை விட்டுட்டுப் போறதா?”

ரோன்டா பரிமாறும் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். அந்த அறை, அந்தக் கதவு, அதற்குப் பின்னால் கேட்ட சிரிப்பு, இவற்றையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எப்படிச் சொல்வது? “அது நல்ல கதவு” என்று மட்டும் சொன்னாள்.

அப்போது ஆர்லின் பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“நல்ல கதவுதான். ஆனா காத்து அடிக்கும். அடிக்கறப்ப ‘மெதுவாப் போ, மெதுவாப் போ’ன்னு நீ பக்கத்துல இருந்து கத்தணும். நீ கத்தினாத்தான் நான் மெதுவாப் போவேன். கண்ணாடியில உன் காரைத் தேடிக்கிட்டு என்னால ஓட்ட முடியாது.” தட்டைப் பார்த்தான். “நீ ஏற இடமில்லாத வண்டியில எனக்கு வீடு எதுக்கு? சின்னதா பாப்போம்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. “கெட்சப் எங்க?” என்றான். கெட்சப் அவன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ரோன்டா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிச் சரிசெய்தாள். பிறகு சிக்னியைப் பார்த்தாள்.

“போய் பென்சில் எடுத்துட்டு வா. லைசென்ஸ்ல இருந்து எழுதினதை அழி.” ஒரு எண்ணைச் சொன்னாள். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த எண்ணை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால், இந்த ஊரில் முடி வெட்டிக்கொள்ள வேறு இடம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போனபோது டுவேன் பழக்கதோஷத்தில் எல்லாச் சாவிகளோடும் வந்தார். இந்த முறை ஆர்லின் முன்னால் நடந்தான், பாரம் சரியாக வரக்கூடியவை எவை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கதவு வைத்த நீளமானதைத் தாண்டும்போது ரோன்டா அதன் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, அதன் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள், சுவர் முடியும்வரை.

சின்னது உண்மையிலேயே சின்னதாக இருந்தது. வெளியே நகரும் சுவர் இல்லை. பிள்ளைகளின் கட்டில்களுக்குக் கதவு இல்லை, பூப்போட்ட ஒரு திரை தொங்கியது. பெரிய கட்டிலில் ஆர்லின் அவளைத் தாண்டும்போது மறுபடி ஒரு ‘ஊஃப்டா’ கேட்டது. பான்கேக் திருப்பும் இடத்தில் நெல்ஸின் முழங்கை வந்து நின்றது. மழை பெய்தபோது ஐந்து பேரின் முழங்கால்களும் மேசைக்கடியில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, யாருடையது எது என்று பார்த்துப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. திரைக்குப் பின்னால் பிரிட்டாவும் சிக்னியும் ரகசியம் பேசினார்கள். ஒரு வார்த்தை விடாமல் வெளியே கேட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையனைப் பற்றி. ரோன்டா சீட்டுக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

கடைசியாகக் கழிப்பறை. கதவு சாத்தப்பட்டது. டுவேன் வாசலில் நின்றார்.

“டுவேன்.”

“சொல்லுங்க.”

“முட்டி இடிக்குது.”

டுவேன் பெருமூச்சுவிட்டு அடுத்த சாவியைத் தேடினார். கதவு திறந்தது. ரோன்டா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியில் வந்து நின்றாள், உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்” என்றாள்.

டுவேன் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெண் தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கும் இங்கே இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று அவருக்குத் தெரியும். சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் மனம் மாறுவதற்குள் காகிதங்களை எடுத்துவர, அந்த வயதில் ஓடினார்.

கையெழுத்தெல்லாம் முடிந்து, கேம்பர் பிக்கப்பின் பின்னால் மாட்டப்பட்டது. ஆர்லின் குனிந்து கொக்கியைப் பார்த்தான், பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தான், எழுந்து தலையை ஒருமுறை ஆட்டினான். வாங்கியவர்களைக் கேம்பர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டுவது டுவேனின் வழக்கம். “எல்லாரும் சேந்து நில்லுங்க” என்றார்.

அவர்கள் சேர்ந்து நின்றார்கள். ஆர்லின், அவன் தோளோடு பிரிட்டா, பக்கத்தில் நெல்ஸ், முன்னால் சிக்னி, அவள் காலடியில் டோஸர். இடைவெளியே இல்லாமல், அச்சில் வார்த்ததுபோல நின்றார்கள். ரோன்டா வழக்கம்போல எதிரே போய்த் தன் போனை எடுத்து உயர்த்தினாள். அந்தக் குடும்பத்தின் படங்கள் எல்லாவற்றையும் எடுப்பவள் அவள்தான். ஏரிக்கரை, பிறந்தநாள், கிறிஸ்துமஸ், எதிலும் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள். எப்போதாவது தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கும்.

போனில் தெரிந்த படத்தைச் சிறிதுநேரம் பார்த்தாள். பொத்தானை அழுத்தவில்லை. போனை டுவேனின் கையில் திணித்துவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு நேராகக் குடும்பத்தை நோக்கி நடந்தாள். நாலு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கே நகர்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கென்று இடம் விட்டு நிற்க அவர்களுக்குப் பழக்கமில்லை. ரோன்டா ஆர்லினுக்கும் பிரிட்டாவுக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, இடுப்பால் ஒரு இடி இந்தப் பக்கம், ஒரு இடி அந்தப் பக்கம் கொடுத்தாள்.

“நகருங்க.”